காய வச்ச பழமும் எங்க அண்ணன் மருந்தும்

அந்த வடையை வாங்காத தாயி. சொல்றேன்னு கோச்சுக்காத. எண்ணெயைப் பாத்தியா, தாரு மாதிரி இருக்கு. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் உள்ள தனி ரூம்ல உக்கார வச்சு நல்ல சோறு போடுவான் இந்த மோட்டல்காரன். நமக்குத்தான் இது. நீ வேற வயித்துல புள்ளையோட இருக்க. திருச்சியில நீ ஏறுனப்பவே பாத்துட்டேன், அதான் ஜன்னலோரத்தை உனக்கு விட்டுக் குடுத்தேன். எத்தனை மாசம்? ஆறு முடிஞ்சிருச்சா? மதுரைக்கா, அம்மா வீட்டுக்கா? நல்லது. நான் மேலூர்ல இறங்கிருவேன். அதுவரைக்கும் பேச்சுத் துணைக்கு ஆளாச்சு.

கையில தண்ணி வச்சிருக்கியா? கடையில வாங்குன பாட்டிலா? மூடி சீல் உடையாம இருந்துச்சான்னு பாத்தியா? பாக்கணும் தாயி. யாரும் பாக்குறதில்ல. பாத்தா நம்மளச் சந்தேகப் பிராணின்னு சொல்லிருவாக. என் மக அப்படித்தான் சொன்னா. பெத்த மக. சுகந்தின்னு பேரு. ஜப்பான்ல இருக்கா.

என்ன அப்படிப் பாக்குற? நானும் ஜப்பான் போயிட்டு வந்தவதான். மேலூரைத் தாண்டுனா அழகர்கோயில், அதைத் தாண்டுனா மதுரைன்னு இருந்த பொம்பளை, ப்ளேன் ஏறிப் போனேன். எதுக்குப் போனேன்? மக பிரசவத்துக்கு. தலைப்பிரசவம் தாய் வீட்லதான் பாக்கணும், அவளால வர முடியல, டாக்டர் ப்ளேன் ஏறக்கூடாதுன்னுட்டாரு. அப்ப தாய் வீடுதானே கிளம்பிப் போகணும்? நான் போனேன்.

அதுக்கு முந்தி அந்த ஊர்ல கடல் பொங்கி, அணு உலை வெடிச்சதே, அது உனக்கு ஞாபகம் இருக்கா? டிவியில போட்டதையே போட்டுக்கிட்டு இருந்தான். நான் அன்னைக்கே மகளுக்குப் போன் பண்ணிட்டேன், கிளம்பி வந்துருங்கன்னு. எங்க கேட்டாக? மருமகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. "அத்தை, நாங்க இருக்குற ஊர் அங்கேருந்து தூரம்"னாரு. தூரமாம். பக்கத்து ஜில்லா! மேலூர்ல புகை போட்டா அழகர்கோயில்ல கண்ணு எரியாதா?

ரெண்டு வருசம் கழிச்சு மக மாசமாயிட்டா. எனக்குத் தூக்கம் போச்சு. அங்க முளைக்கிற கீரையில விஷம், குடிக்கிற பால்ல விஷம், மீன்ல விஷம். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. புள்ளை வயித்துக்குள்ள இருக்கையில என்ன பண்ணும்? அதனால நான் முடிவு பண்ணிட்டேன். என் மக வாய்க்குள்ள போறது எதுவா இருந்தாலும் அது மேலூர்லேருந்து போகணும்.

என்னென்ன கட்டுனேன்னு கேளு. கருப்பட்டி, உளுந்தங்களி மாவு, பருப்புப் பொடி, சுண்ட வத்தல், பூண்டு, நல்லெண்ணெய். அரிசியும் கட்டுனேன், அதை மட்டும் அங்க ஏர்போட்ல பிடுங்கிக்கிட்டான். அரிசி உள்ள வரக்கூடாதாம். எங்க அரிசியில பூச்சி வருமாம்! உலையை வெடிக்க விட்டவன் என் அரிசியைப் பாத்துப் பயப்படுறான். நான் அந்த ஆபீசர்கிட்ட தமிழ்லயே கேட்டேன். குனிஞ்சு கும்பிட்டான், அம்புட்டுத்தான். அரிசியைக் குடுக்கல.

நல்லவேளை, மருந்து டப்பாவை விட்டுட்டான்.

அதைச் சொல்லணும் உனக்கு. எங்க அண்ணன் வைத்தியர். எங்க அய்யா காலத்துலேருந்து பிள்ளைப்பேத்து லேகியம் எங்க வீட்லதான் கிண்டுறது. சுத்துப்பட்டுல எங்க லேகியம் திங்காம எந்தப் பொம்பளையும் புள்ளை பெத்ததில்ல. சுக்கு, திப்பிலி, சீரகம், கருப்பட்டி, நெய், அதோட அண்ணனே புடம் போட்டு எடுக்குற செந்தூரம். அதுதான் விசேஷம். செக்கச் செவேர்னு இருக்கும். ரத்தம் ஊறும்பாரு. கல்வத்துல நாள் கணக்கா அரைப்பாரு. பாவம், அவருக்கு இப்ப முடியல. வயித்து வலி, கை நடுக்கம், வலது மணிக்கட்டு தொங்கிப் போச்சு, சோத்தை அள்ளக்கூட வரல. வயசாயிருச்சுல்ல. அந்த மருந்தைத் தினம் திங்கப் போயித்தான் இம்புட்டு நாள் நடமாடுறாரு.

சரி, அங்க போனேன். போன அன்னைக்கே பிரிட்ஜைத் திறந்து பாத்து எல்லாத்தையும் எடுத்து வெளியில போட்டேன். பால், முட்டை, மீன், ஏதோ கீரை. மக கத்துறா, "அம்மா, எல்லாம் மெஷின்ல வச்சுப் பாத்துத்தான் கடைக்கே வருது"ன்னு. மெஷினாம். கண்ணுக்கே தெரியாததை மெஷின் எப்படிடீ பாக்கும்? எங்க அண்ணன் மருந்து இடிக்கிறதை நான் கண்ணால பாத்திருக்கேன். எதை நம்பச் சொல்ற? கொஞ்ச நேரம் அழுதா. அப்புறம் சரின்னுட்டா. நல்ல புள்ளை தாயி அவ. சின்னதுலேருந்து நான் குடுத்ததை எதுன்னு கேக்காம வாயைத் திறப்பா.

குழாய்த் தண்ணியைக் கொதிக்க வச்சு, என் சேலைத் துணியை மூணா மடிச்சு வடிகட்டித்தான் குடுப்பேன். பால் கிடையாது, மீன் கிடையாது, பச்சைக் காய்கறி கிடையாது. களி, வத்தக்குழம்பு, பருப்புப் பொடி. காலையில ஒரு உருண்டை, ராத்திரி ஒரு உருண்டை லேகியம். பேத்துக்கு அப்புறந்தான் குடுக்கணும்பாக. நான்தான், கெட்ட ஊர்ல இருக்குற புள்ளையாச்சே, இப்பவே ரத்தம் ஊறட்டும்னு குடுத்தேன். கசக்குதும்மான்னு முகத்தைச் சுளிப்பா. நான் கன்னத்தைப் பிடிச்சு உள்ள தள்ளிருவேன்.

இந்த நேரத்துலதான் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி வந்து சேந்தா. கன்னோன்னு பேரு, என் வயசு இருக்கும். எனக்கு அது வாயில நுழையல, கண்ணம்மான்னே கூப்பிட்டேன். அவளும் திரும்பிப் பாப்பா. புருசன் இல்ல, புள்ளை இல்ல. என் மக மேல உசுரா இருப்பா போல. நான் வந்த மறுநாளே வந்து வாசல்ல நின்னு மடங்கி மடங்கிக் கும்பிடுறா. என்னைப் பாத்து ஏதோ சொல்றா. மக சொன்னா, "நீங்க வந்ததால இனிமே எனக்குக் கவலையில்லைன்னு சொல்றாங்கம்மா." பாத்தியா, அவளுக்கே தெரிஞ்சிருக்கு.

ஒருநாள் ஒரு பொட்டலத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு வந்தா. உள்ள பழம். தோலைச் சீவிக் கயித்துல கட்டித் தொங்கவிட்டுக் காய வைப்பாகளாம். பேரீச்சம்பழம் மாதிரி சுருங்கி, உள்ள பாகு கணக்கா ஆரஞ்சு கலர்ல இருந்துச்சு. பாக்க என்னமோ அழகாத்தான் இருந்துச்சு, அதைச் சொல்லணும். ஆனா யார் தோட்டத்துப் பழம்? அவ தம்பி தோட்டம். தோட்டம் எங்க இருக்கு? வெடிச்ச ஜில்லாவுல!

மக சொல்றா, உலை வெடிச்சதுலேருந்து அந்தப் பழத்தைக் காய வைக்கவே கூடாதுன்னு சர்க்கார் நிறுத்தி வச்சிருந்துச்சாம். குளிர்ல பனியில ஒவ்வொரு மரமா ஏறிப் பட்டையைத் தண்ணி பீச்சிக் கழுவினாகளாம். இந்த வருசந்தான் பாத்துட்டுச் சரின்னு சொன்னாகளாம். "முதல் பழம்மா. விக்கிறதுக்கு முந்தி எனக்குன்னு எடுத்துட்டு வந்திருக்காங்க"ன்னு சொல்லி மக கண்ணு கலங்குறா. மரத்தைக் கழுவினானாம். மரத்தைக் கழுவுற அளவுக்கு இருந்துச்சுன்னா அது என்ன மரம்?

நான் வாங்கிக்கிட்டேன். ரெண்டு கையையும் நீட்டி, சிரிச்சுக்கிட்டே வாங்குனேன். மரியாதை தெரியாதவளா நானு? "அப்புறம் சாப்பிடுறோம் கண்ணம்மா"ன்னேன். மறுநாள் மக தூங்குறப்ப அப்படியே குப்பைப் பையில போட்டுக் கட்டி, தெருமுனையில கொண்டு வச்சிட்டு வந்துட்டேன்.

எனக்கு என்ன தெரியும் தாயி, அந்த ஊர்ல குப்பைப் பை கண்ணாடியாட்டம் இருக்கும்னு? உள்ள இருக்குறது அத்தனையும் வெளியில தெரியுது. அதுவும் போக, குப்பை வைக்கிற இடத்தைத் தெருக்காரகளே முறை வச்சுப் பாத்துக்குவாக. காக்கா கொத்தாம வலையைப் போட்டு மூடணும், பெருக்கணும். அன்னைக்கு யாரு முறை? அவ முறை.

நான் மாடி ஜன்னல்ல நின்னு பாத்தேன். அவ குனிஞ்சா. என் பையைப் பாத்தா. பக்கத்துலயே குத்த வச்சு உக்காந்தா. கூப்பாடு போடுவாளோ, வந்து கதவைத் தட்டுவாளோன்னு நினைச்சேன். நம்ம ஊரா இருந்தா தெருவே கூடியிருக்கும்ல? அவ என்ன பண்ணுனா தெரியுமா? வலையை இழுத்து என் பையை நல்லா மூடுனா. மத்த பை எல்லாம் அரைகுறையாக் கிடக்கு, இதை மட்டும் ஓரத்தையெல்லாம் சொருகி மூடுனா. எந்திரிக்கிறப்ப மேல பாத்தா. நான் அவ கண்ணுல பட்டுட்டேன். குனிஞ்சு கும்பிட்டுட்டுப் போயிட்டா.

நாலஞ்சு நாள் கழிச்சுத் திரும்ப வந்தா. இந்தத் தடவை ஆரஞ்சுப் பழம், ஒரு அட்டைப்பெட்டி நிறைய. கடையில வாங்குனது. பெட்டியில ஊர்ப்பேர் எழுதியிருந்த பக்கத்தை எங்களைப் பாக்குற மாதிரித் திருப்பி வச்சா. மகதான் அதைப் படிச்சுச் சொன்னா. அது எங்கயோ தெக்க, கடல் தாண்டித் தீவாம். உலை இருக்குற திசையே இல்ல. "பாத்தியாடீ, அவளுக்கே தெரியுது அந்தப் பழம் சரியில்லைன்னு"ன்னு நான் சொன்னேன். மக என்னை ஒரு பார்வை பாத்தா தாயி. அதுவரைக்கும் அவ என்னை அப்படிப் பாத்ததே இல்ல. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?

பஸ்ஸை எடுத்துட்டான். நல்லாச் சாஞ்சு உக்காரு. துவரங்குறிச்சி தாண்டி ரோடு தூக்கித் தூக்கிப் போடும், வயித்தைப் பிடிச்சுக்க.

எட்டாம் மாசம் மகளுக்கு வயித்து வலி. வெளுத்துப் போயிட்டா, சுண்ணாம்பு அடிச்ச சுவராட்டம். தலைவலிங்கிறா, வாயெல்லாம் இரும்பு கடிச்ச மாதிரி இருக்குங்கிறா. நான் மருமகன் சட்டையைப் பிடிக்காத குறையாக் கேட்டேன், பாத்தீகளா, விஷம் ஏறிருச்சு பாருங்கன்னு. உலைக் கதிர் ஏறிருக்கான்னு உடம்பைப் பாக்குற மெஷின் இருக்காமே, அதுல கொண்டு போயி என் மகளை வைங்கன்னு ஒத்தக்கால்ல நின்னேன். நான்தான் சொன்னேன் தாயி. என் வாயாலதான் சொன்னேன். என்னைக் கூட்டிக்கிட்டுத்தான் போனாக.

மெஷின்ல ஒண்ணுமில்லைன்னு வந்துச்சு. ஒரு பொட்டு விஷம் இல்லையாம். எனக்கு உசுரு வந்துச்சு. ஆனா அங்க இருந்த டாக்டரம்மா விடல. அப்ப ஏன் இப்படி வெளுத்திருக்கான்னு ரத்தம் எடுத்தா. எடுத்துட்டு, வீட்ல பழைய பெயின்ட் இருக்கா, குழாய் என்ன குழாய், நாட்டு மருந்து ஏதாச்சும் சாப்பிடுறியான்னு ஒவ்வொண்ணாக் கேக்குறா. மருமகன் என்னைத் திரும்பிப் பாத்தாரு.

அன்னைக்கே வீட்டுக்கு வந்து லேகிய டப்பாவை எடுத்துட்டுப் போயிட்டாரு. நான் கையைப் பிடிச்சேன். "அது மருந்துங்க, அதை வெளியாளுககிட்டக் காட்டக்கூடாது"ன்னேன். "அத்தை, கையை எடுங்க"ன்னாரு. அதுவரைக்கும் என்கிட்ட அதிர்ந்து பேசாத மனுசன்.

காரீயமாம். எங்க அண்ணன் செந்தூரத்துல காரீயம் இருக்காம். பேட்டரிக்குள்ள போடுறதாம். மக ரத்தத்துல இருக்காம், வயித்துல இருக்குற புள்ளைக்கும் போயிருக்குமாம். பால் நிறுத்துனது, மீன் நிறுத்துனது, அதனால உடம்பு அதை இன்னும் கூட உறிஞ்சிருச்சாம். அந்த டாக்டரம்மா சொல்றா, மருமகன் தமிழ்ல திருப்பிச் சொல்றாரு, சொல்றப்ப என் முகத்தைப் பாக்கல. உலை வெடிச்சது அவன் ஊர்ல, விஷம் எங்க அண்ணன் டப்பாவுல! நல்ல நியாயமா இருக்குல்ல? காலகாலமாச் சுத்துப்பட்டுல தின்னுருக்காகளே, அத்தனை பேருமா செத்துப் போயிட்டாக? அந்த மெஷினும் ஜப்பான்காரன் மெஷின்தானே, அவன் ஊர்த் தப்பை அவன் மெஷின் காட்டிக் குடுக்குமா? நான் கேட்டேன்.

மகதான் சொன்னா. கட்டில்ல படுத்துக்கிட்டே, சத்தமே போடாம. "அம்மா, அவங்க சோதிச்சுக் குடுத்த பழத்தை நீ குப்பையில போட்ட. நீ குடுத்ததை நான் எதுன்னு கேக்காம முழுங்கினேன்." அப்புறம், "நீ ஊருக்குப் போயிரு"ன்னா.

பிரசவம் பாக்கப் போனவ தாயி நானு. புள்ளை பொறக்குறதுக்கு முந்தியே ப்ளேன் ஏத்தி விட்டாக. ஏர்போட்ல மருமகன் என் பையைத் தூக்கி வச்சாரு, தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தாரு, எல்லாம் பண்ணுனாரு. திரும்ப வாங்க அத்தைன்னு மட்டும் சொல்லல.

பேரன் மாசம் நிறையாமப் பொறந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாகளாம். மகளுக்கு யாரு பத்தியம் போட்டான்னு கேளு. அந்தக் கண்ணம்மா! தினம் பஸ் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு போனாளாம். எந்த ஊர் அரிசியோ, எந்தக் கிணத்துத் தண்ணியோ. என் மக ஒரு பருக்கை விடாமக் குடிச்சாளாம். மருமகன்தான் போன்ல சொன்னாரு. அதை எதுக்கு என்கிட்டச் சொல்லணும்? பெத்தவ இங்க கல்லாட்டம் உக்காந்திருக்கேன், எவளோ ஒருத்தி அங்க ஊட்டுறா.

பேரனுக்கு நாலு வயசாகப் போகுது. முகிலன்னு பேரு. ரெண்டு வார்த்தையைச் சேத்துப் பேச மாட்டேங்கிறான். கூப்பிட்டா உடனே திரும்ப மாட்டேங்கிறான். ஒரே ஒரு தடவை போன்ல காட்டுனாக. எல்லாம் அந்த ஊர்க் காத்து தாயி. வேறென்ன? வேற என்னவா இருக்கும்? நீ சொல்லு. நீ படிச்ச புள்ளை. சில நாள் ராத்திரி எனக்கு, என் மக கன்னத்தைப் பிடிச்ச இந்தக் கை... சரி, அது எதுக்கு இப்ப.

இப்ப எங்க போயிட்டு வர்றேன்னு கேக்கலையே நீ? மகன் வீட்டுக்கு, திருச்சிக்கு. மருமக அனுசுயாவும் மாசமா இருக்கா. அண்ணன்கிட்டச் சொல்லி, கை நடுங்க நடுங்கப் புதுசாக் கிண்டி வாங்கிட்டுப் போனேன். நான் போறதுக்கு முந்தியே என் மக ஜப்பான்லேருந்து போன் பண்ணிட்டா. என்கூடப் பேச மாட்டா, அண்ணிகூட மட்டும் பேசுவா. மருமக ஒண்ணும் மரியாதைக் குறைச்சலாப் பேசல. "வச்சிட்டுப் போங்க அத்தை"ன்னு சிரிச்சா. காலையில பாத்தா டப்பா என் பையிலயே இருக்கு, சேலைக்கு அடியில. மகன்தான் வச்சிருக்கான். "அம்மா, இங்க வேணாம்மா. மாமா மருந்தை இனிமே யாருக்கும் குடுக்காத"ன்னு சொல்லி பஸ் ஏத்தி விட்டுட்டான். நான் பெத்த பய.

டப்பா அப்படியே நிறைஞ்சு இருக்கு தாயி. இந்தா பாரு. நெய் வாசம் வருதா? மோட்டல் வடை இல்ல இது. உன்னைப் பாத்தா என் மக மாதிரியே இருக்கு, அவளும் இப்படித்தான் எதிர்த்துப் பேசாமக் கேட்டுக்கிட்டு இருப்பா. வெளுத்துத்தான் இருக்க நீயும். ஒரே ஒரு உருண்டை, நெல்லிக்காய் அளவு. யாராச்சும் ஒருத்தர் சாப்பிடணும்ல? இம்புட்டையும் நான் எங்க கொண்டு போயிக் கொட்டுவேன்?

அட, ரெண்டு கையையும் நீட்டி வாங்குறியே. நல்லா வளத்திருக்காக உன்னை. வாயில போடு. கசக்கும், உடனே தண்ணி குடிக்காத.

என்னத்துக்குக் கைக்குட்டையில மடிக்கிற? அப்புறமாவா? அம்மா வீட்டுக்குப் போயா?

சரி.

சிரிக்காத தாயி. நானும் இப்படித்தான் சிரிச்சேன், கண்ணம்மாகிட்ட.

மேலூர் வந்துருச்சு, அந்தா வளைவு தெரியுது. பையை மட்டும் எடுத்துக் குடு. போதும், நானே இறங்கிருவேன். நல்லபடியாப் பெத்துப் பொழச்சு வா. ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. ஜன்னலோரம் உன்னுதுதான். ஆனா அந்த உருண்டையை உடனே வெளியில போட்டுறாத. நான் ரோட்டைத் தாண்டுற வரைக்கும் கையில வச்சிருந்துட்டு, அப்புறம் போடு.